மரத்துக்கு அந்தப் பக்கம்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பித் தேநீர் போடப் போய்விடுகிற ஆள் நான். அந்தக் கதைகளைக் கேட்க எனக்குப் பொறுமையும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. செத்தவர்கள் திரும்பி வருவதென்றால் எங்கள் நாட்டிலிருந்து இந்த ரொறன்ரோவுக்கு ஒரு கப்பல் நிறைய வந்திருக்க வேண்டும், எங்கே, ஒருவரையும் காணவில்லையே என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வேறொருத்தி சொல்லி நான் கேட்டிருந்தால், பாவம், மனுசன் போன துக்கத்தில் மனுசிக்கு மண்டையில் தட்டிவிட்டது என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் நல்ல வெயில் எறித்த ஒரு காலையில்.

முதலில் அணில் கதையைச் சொல்கிறேன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் எங்கள் வீட்டுப் பின்வளவில் கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் வைத்திருந்தோம். இங்கத்தைய அணில்களைப் பார்த்திருப்பீர்கள்தானே, முதுகில் மூன்று கோடு போட்ட சாதுவான பிராணி இல்லை, கறுத்துக் கொழுத்த கள்ளன்கள். தக்காளியில் ஒரு கடி கடிக்கும், ருசி பிடிக்காத மாதிரி எறியும், அடுத்த தக்காளிக்குப் போகும். ஒன்றை முழுதாகத் தின்று தொலைத்தாலாவது மனம் ஆறும். நான் கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடினால் வேலியில் ஏறி இருந்துகொண்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டும்.

இவர், அதாவது என் கணவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னாராம், அணில் இறைச்சி முயல் மாதிரித்தான், படித்து லைசென்ஸ் எடுத்தால் காட்டுப் பக்கம் போய்ச் சுடலாம் என்று. வளவுக்குள் சுட்டால் பொலிஸ் வரும், ஆனால் காட்டில் அந்தக் கள்ளனின் சாதிக்காரனைச் சுடலாம்.

"இஞ்சரும், ரெண்டு பேரும் அந்தக் கோர்ஸைச் செய்வமே?" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இப்ப காசு கட்டித் துவக்குப் பிடிக்கப் பழகவோ?"

"அப்ப துவக்கு எங்களைத் தேடித் திரிஞ்சது. இப்ப நாங்கள் அணிலைத் தேடப் போறம். வாருமன்."

நான் ஓம் என்று சொன்னது அணிலுக்காக இல்லை. "ரெண்டு பேரும்" என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக. அது ஏன் என்று விளங்க, எங்களுடைய பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சலிக்காமல் கேளுங்கள்.

நாங்கள் வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறை அப்பார்ட்மென்றில் இருந்தோம். மகன் கஜன் கைக்குழந்தை. இவருக்குப் பாண் சுடுகிற ஃபக்ரறியில் இரவு ஷிஃப்ற், எனக்கு ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற காலை ஷிஃப்ற். பிள்ளையைப் பார்க்க ஆள் வைக்க வசதி இல்லை, அதனால் ஒருவர் வர மற்றவர் போவது. எங்களைப் போல எத்தனையோ குடும்பம் அப்படித்தான் வாழ்ந்தது. முதல் குளிர் காலத்தில் எங்களிடம் உருப்படியான குளிர் ஜக்கெற் ஒன்றுதான் இருந்தது. தேவாலயத்தில் கொடுத்தது, கருநீலம், அவருடைய அளவு, எனக்கு முழங்கால் வரை வரும். விடியும்போது இவர் வந்து கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமுவார். மணி அடித்தால் பிள்ளை எழும்பிவிடுமாம். நான் கதவைத் திறந்ததும் ஜக்கெற்றைக் கழற்றி விரித்துப் பிடிப்பார், நான் திரும்பி நின்று கையை விடுவேன். உள்ளே அவருடைய உடம்புச் சூடு அப்படியே இருக்கும், பாண் வாசமும் இருக்கும். அந்தச் சூட்டோடு நான் பஸ்ஸுக்குப் போவேன். நான் எழும்பி வந்த போர்வைச் சூட்டில் அவர் போய்ப் படுப்பார்.

பிறகு ஆளுக்கொரு ஜக்கெற் வாங்கினோம், வீடு வாங்கினோம், அஜக்ஸுக்கு வந்தோம், ஆனால் ஷிஃப்ற் மட்டும் மாறவே இல்லை. பிள்ளை வளர்ந்த பிறகும் அவருக்கு இரவு, எனக்குப் பகல். பழகிப் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் நாங்கள் புருஷன் பெண்சாதியாக ஒன்றாக நின்ற நேரம் அந்த வாசல் நேரம்தான். அவர் அந்தப் பழைய ஜக்கெற்றை எறியவிடாமல் பேஸ்மென்றில் தொங்கவிட்டிருந்தார். எறியச் சொன்னால் கோபம் வரும்.

ஆகவே கோர்ஸுக்குப் போனோம். வகுப்பு முழுக்க வெள்ளைக்காரப் பெடியன்கள், நடுவில் நாங்கள் இரண்டு பேர். சோதனையில் எனக்கு அவரைவிடப் புள்ளி கூட, அதை அவர் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். லைசென்ஸ் வந்தது, அணிலுக்கென்று ஒரு சின்னத் துவக்கும் வாங்கினோம். அணில் வேட்டை செப்டெம்பர் கடைசியில்தான் தொடங்கும். இவர் ஆடி மாதத்திலேயே போய்விட்டார். காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஒன்றும் மிச்சம் இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் போனதும் கஜன் குசினிக்குள் வந்து நின்றான். அவன் மனைவியோடு யூனியன்வில்லில் இருக்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் தகப்பன் மாதிரிப் பிடிவாதம்.

"அம்மா, நீங்கள் இந்த வீட்டில தனிய இருக்க ஏலாது. இட்ஸ் நொட் சேஃப். எங்கட பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு."

"நான் என்ன பழைய சோஃபாவே, பேஸ்மென்றில போட?"

"பிளீஸ் அம்மா. விழுந்து கிடந்தா ஆர் வந்து பாக்கிறது? உங்களால தனிய என்ன செய்ய ஏலும், சொல்லுங்கோ பாப்பம்?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று ஏறியது. "அப்பாவும் நானும் போக இருந்த வேட்டைக்குத் தனியப் போவன்" என்றேன், யோசிக்காமல்தான் சொன்னேன்.

அவன் சிரித்தான், பிறகு அழுதான், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "ஓகே. தனியப் போய் ஒரு அணில் அடிச்சுக்கொண்டு வாங்கோ. அடிச்சிட்டீங்கள் எண்டா இந்த வீட்டைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டன். பனி கொட்டுறதுக்கு முதல் அடிக்காட்டி, வீட்டை விக்கிறம், நீங்கள் எங்களோட வாறியள். டீல்?"

"டீல்" என்றேன். எனக்கு அந்த வீட்டை விட மனம் இல்லை. அங்கே அவர் வந்து நிற்கிற வாசல் ஒன்று இருந்தது, அவ்வளவுதான் காரணம், அதை அவனிடம் எப்படிச் சொல்வது.

சனம் சும்மா இருக்குமா? ஆண்டுத் திவசம்கூட முடியவில்லை, மனுசி துவக்கோடு திரிகிறாவாம் என்று கதை போனது. போகட்டும் என்று விட்டேன்.

401 பெருந்தெருவில் கிழக்கே ஓடி வடக்கே திரும்பினால் வேட்டைக்கு அனுமதி உள்ள ஒரு காடு வரும். விடிகிற நேரம் அங்கே போய் இருப்பேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், அணில் வேட்டை என்பது ஓடித் திரிகிற வேலை இல்லை, ஓரிடத்தில் இருக்கிற வேலை. ஓக் மரத்துக்குக் கீழே புதிதாகக் கடித்துப் போட்ட கொட்டைக் கோது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடந்தால் எதிரே ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் இருக்க வேண்டும். நீங்கள் வந்த சத்தத்துக்குக் காடு வாயை மூடிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் உங்களை மறந்துவிடும், பிறகுதான் சருகு சரசரக்கும், மேலிருந்து கொட்டை விழும். இருக்கிற வேலைதானே, எனக்கு வரும். அந்த வீட்டில் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்?

ஆனால் அணில் அகப்படவில்லை. அதற்கு ஒரு பழக்கம், ஆளைக் கண்டால் மரத்தைச் சுற்றி மற்றப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் இந்தப் பக்கம் என்றால் அது அந்தப் பக்கம். நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். நானும் சுற்றிச் சுற்றித் தலை சுற்றி நின்றேன். இது இரண்டு பேர் செய்கிற வேட்டை என்று வகுப்பிலேயே சொன்னார்கள். ஒருவர் அசையாமல் இருப்பார், மற்றவர் மரத்துக்கு அந்தப் பக்கம் நடப்பார், அணில் நடக்கிறவருக்குப் பயந்து இருக்கிறவரின் பக்கம் வரும். அன்று இவர் என் காதுக்குள், "நீர் இரும், நான் நடக்கிறன்" என்று சொன்னது நினைவிருக்கிறது. நடக்க ஆள் எங்கே இனி?

ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வருவேன். கஜன் போன் எடுப்பான். "என்னம்மா, அகப்பட்டதோ?" குரலில் கேலி இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஐப்பசி முடிந்து இலையெல்லாம் கொட்டிவிட்டது, ரேடியோவில் பனி வரப்போகிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கும் வகுப்பில் ஒரு உபாயம் சொல்லியிருந்தார்கள். மரத்துக்கு மற்றப் பக்கம் ஒரு மேற்சட்டையைக் கொழுவிவிட்டால் அணில் ஆள் நிற்கிறது என்று நினைத்துச் சில நேரம் இந்தப் பக்கம் வருமாம். சில நேரம் என்றுதான் சொன்னார்கள். நான் பேஸ்மென்றுக்குப் போய் அந்தக் கருநீல ஜக்கெற்றை எடுத்தேன். ஆள் மாதிரி நிற்க அதுதான் சரியான அளவு. முகத்தில் வைத்துப் பார்த்தேன், பாண் வாசம் எப்போதோ போய்விட்டது, பழைய துணி வாசம்தான்.

அன்று காலை நல்ல குளிர். புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது, மூச்சு விட்டால் புகை. பெரிய ஓக் மரம் ஒன்று, நான் இரண்டு கையாலும் கட்டினாலும் பாதிகூட வராது. அதன் அந்தப் பக்கத்தில், நிழல் பக்கம், ஒரு தாழ்ந்த கிளையில் ஜக்கெற்றைக் கொழுவினேன். முன்பக்கச் சிப்பைப் பூட்டவில்லை, விறைத்த விரலுக்கு அது பூட்ட வரவில்லை, திறந்தபடி விட்டேன். இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இந்தப் பக்கம் வந்து எதிர்மரத்தில் சாய்ந்து இருந்தேன்.

காடு வாயை மூடியது, பிறகு திறந்தது. ஒரு கறுத்த அணில் ஓக் மரத்தில் இறங்கி வந்தது, என்னைக் கண்டது, வழக்கம்போல அந்தப் பக்கம் ஓடியது. சரி, ஜக்கெற்றைப் பார்த்துத் திரும்பி வருகிறதா பார்ப்போம் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஜக்கெற் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு வீடு போய்விட்டது என்றே நினைத்தேன். கண்ணீர் வந்துவிட்டது, வாய்விட்டே சொன்னேன். "பாத்தீங்களே, தனிய ஏலாதெண்டு உங்கட மகன் சொன்னது சரிதான்."

சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பக்கம் சருகு மிதிபட்டது. அணில் ஓடுகிற சரசரப்பை நான் இத்தனை கிழமையாகக் கேட்டிருக்கிறேன், அது வேறு. இது ஆள் நடை. பாரமான கால், மெதுவாக, மரத்தைச் சுற்றி. பிறகு நின்றது. நின்று தொண்டையைச் செருமியது.

எனக்கு இரத்தம் உறைந்தது என்று சொல்வார்களே, அப்படி இல்லை. சிரிக்காதீர்கள், நான் கதவைத் திறக்க எழும்பப் பார்த்தேன். அந்தச் செருமலுக்கு எழும்பி எழும்பியே என் கால் பழகிவிட்டது. பிறகுதான் புத்தி வந்தது, இது காடு, வேறு வேட்டைக்காரர் யாராவது நிற்கலாம், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது. "ஹலோ" என்று உரத்துக் கூப்பிட்டேன். "எனிபடி தெயர்?" பதில் இல்லை.

அப்போது அணில் இந்தப் பக்கம் வந்தது. நான் கத்திய சத்தத்துக்கு அது பறந்திருக்க வேண்டும், ஆனால் என்னைப் பொருட்படுத்தவே இல்லை. அடிமரத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. வால் துடித்தது. ஆளைக் கண்டால் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும், அதைப் போட்டது. நான் ஒரு ஆள் கண் முன்னால் இருக்கிறேன், அது அந்தப் பக்கத்துக்குப் பயந்து நடுங்குகிறது. அணில் நின்றது அந்தத் தடித்த மரத்தின் நடுவில், என் சின்னத் தோட்டா அதைத் தாண்டிப் போகாது. துவக்கைத் தூக்கிச் சுட்டேன். விழுந்தது.

துவக்கை மரத்தில் சாய்த்து வைத்தேன். பிறகு மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். ஒருவரும் இல்லை. உறைந்த புல்லில் என்னுடைய காலடிதான் இருந்தது, கொழுவ வந்தபோது வைத்தது. ஜக்கெற் கிளையில் இருந்தது. சிப் கழுத்து வரை பூட்டியிருந்தது.

அதைத் திறந்து கிளையிலிருந்து எடுத்தேன். வெளித் துணி விறைத்துப் போயிருந்தது. எனக்கும் குளிர், என்னையறியாமல் திரும்பி நின்று கையை உள்ளே விட்டேன். உள்ளே சூடு. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். வெயில் படாத பக்கம், விடிந்ததிலிருந்து குளிரில் தொங்கின ஜக்கெற், உள்ளே ஒரு ஆள் அந்த நிமிடம்தான் கழற்றித் தந்த மாதிரிச் சூடு. முதுகுப் பக்கம், கமக்கட்டு, கைமுட்டி எல்லாம். நான் அந்தச் சூட்டோடு அணிலையும் துவக்கையும் எடுத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பழைய காலத்திலும் அப்படித்தான், பஸ் போய்விடும் என்று ஓடுவேன்.

அணிலை உரித்துச் சரக்குத்தூள் போட்டுப் பிரட்டல் கறி வைத்தேன். கஜன் வந்தான், சட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மை கோட். அம்மா, ஆரோட போனீங்கள்?"

"தனியத்தான் போனனான்."

போனது தனியத்தான், அதில் பொய் இல்லை. அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், வீட்டைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஒரு துண்டு தின்றுவிட்டு, கோழி மாதிரி இருக்கிறது என்றான். நான் பந்தயத்தில் வென்றேன். ஆனால் அவன் போன பிறகு அந்த வீடு முன்பைவிடப் பெரிதாக இருந்தது. ஜக்கெற்றைக் கதவடியில் கொழுவியிருந்தேன், ஆறிப் போய்விட்டது. அடுத்த நாளும் கையை விட்டுப் பார்த்தேன், அதற்கடுத்த நாளும். வெறும் துணி.

பிறகு முதல் பனி கொட்டியது. யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அந்தக் காலத்தில் ஜக்கெற்றை என்னிடம் தந்துவிட்டு அவர் உள்ளே வந்து போர்வைக்குள் படுப்பார். இந்த முறை எங்கே போய்ப் படுத்திருப்பார்? நான் அந்த மனுசனின் உடம்பிலிருந்து கழற்றி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கோ போவம் என்றுகூடச் சொல்லவில்லை. ஐயோ, எனக்கு நிற்க முடியவில்லை, இருக்க முடியவில்லை.

ரோட்டெல்லாம் சறுக்க அந்தக் காட்டுக்குப் போனேன். கஜனுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவான். அந்த ஓக் மரத்தைக் கண்டுபிடித்து, அதே கிளையில் ஜக்கெற்றைத் திறந்தபடி கொழுவினேன். அணிலுக்காக இல்லை. "இஞ்சருங்கோ, போடுங்கோ" என்றேன். "அப்ப நான் போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நல்ல பனி. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. கொட்டி ஓய்ந்த காலையில், மான் வேட்டைக்காரர் சுட்டுவிடாமல் இருக்க ஒரு செம்மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். ஒரு காலடியும் இல்லாத பனி, எல்லாக் கிளையிலும் கை மொத்தத்துக்குப் பனி. எட்டத்தில் நின்றே பார்த்தேன். ஜக்கெற் அங்கேதான் இருந்தது, சிப் பூட்டியபடி. அதன் தோளில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை. ஈரமாக, கருநீலமாக இருந்தது.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. வேறு யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொன்னேன். குளிர் காலத்தில் இடைக்கிடை போய் எட்ட நின்று பார்த்துவிட்டு வருவேன். கிட்டப் போய்க் கையை விட்டுப் பார்க்கத்தான் மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் போகமாட்டேன். போனால் எனக்குக் குளிர்கிறது என்று கழற்றித் தந்துவிடுவார்.